சைக்கிளைப் பற்றிக் கேட்டால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதி குறித்து வந்த கடிதங்களில், சைக்கிளைப் பற்றிய கேள்வியில் தடுமாறியவர்கள் எழுதியவற்றை மட்டும் இந்த இதழுக்காகப் பிரித்து எடுத்திருக்கிறேன். தேர்வு எழுதாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: இந்தப் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு தேர்வாளருடன் நேருக்கு நேர் நடப்பது. முதல் பகுதியில் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாம் பகுதியில் பேச வேண்டிய பொருள் எழுதிய ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மூன்றாம் பகுதி அதே பொருளை ஒட்டிய பொதுவான விவாதம். சைக்கிள் இம்மூன்றில் எதிலும் வரலாம்.

நான் ஒரு செவிலியர். பிரிட்டனில் பணிக்குப் பதிவு செய்துகொள்ளப் பேச்சில் 9க்கு 7 வேண்டும். எனக்கு 6 தான் கிடைத்தது. முதல் பகுதியில், சிறு வயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா என்று கேட்டார்கள். 'யெஸ், ஐ ஹேட் எ சைக்கிள்' என்றேன். அதற்கு மேல் எதுவும் தோன்றாமல், 'சைக்கிளிங் இஸ் குட் ஃபார் ஹெல்த், இட் டஸ் நாட் காஸ் பொல்யூஷன்' என்று சேர்த்துக்கொண்டேன். இதில் என்ன தவறு? – வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

நீங்கள் சொன்ன வாக்கியங்களில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் தேர்வாளர் கேட்டது உங்கள் சைக்கிளைப் பற்றி. நீங்கள் சொன்னதோ ஊரில் உள்ள எல்லாச் சைக்கிள்களையும் பற்றி. உடல்நலம், மாசு ஆகிய இரண்டும் பள்ளிக் கட்டுரையில் இருந்து நேராக நாவுக்கு வருபவை என்பதால், அவற்றைச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் எதையும் கட்ட வேண்டியதில்லை. கட்டாத ஒன்றுக்கு மதிப்பெண் கொடுக்கத் தேர்வாளருக்கு வழியும் இல்லை.

மதிப்பெண் நான்கு கூறுகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படுகிறது: தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு. இவற்றில் முதல் மூன்றுமே நீங்கள் உங்கள் கதையைச் சொல்லும்போதுதான் தாமாக வெளிப்படுகின்றன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக்கு வருபவர்களிடம் 'சைக்கிளின் நன்மைகள் என்ன' என்று கேட்டால் நான்கு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். 'உங்கள் முதல் சைக்கிள் என்ன நிறம், யார் வாங்கியது, இப்போது அது எங்கே இருக்கிறது' என்று கேட்டால், ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களே அரை நிமிடம் நிற்காமல் பேசிவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்திருந்தால் உங்களுக்குப் பள்ளியிலேயே விலையில்லாச் சைக்கிள் கிடைத்திருக்கும். அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'யெஸ், ஐ டிட். மை ஸ்கூல் கேவ் மீ ஒன் வென் ஐ வாஸ் சிக்ஸ்டீன், அண்ட் ஐ ரோட் இட் எவ்ரி டே அன்டில் ஐ லெஃப்ட் ஃபார் நர்ஸிங் காலேஜ். மை பிரதர் ஸ்டில் யூசஸ் இட், ஆல்தோ ஒன் ஆஃப் த பெடல்ஸ் இஸ் புரோக்கன்.' இதில் அரிய சொல் எதுவும் இல்லை. ஆனால் இறந்தகாலம் இருக்கிறது, நிகழ்காலம் இருக்கிறது, 'அன்டில்', 'ஆல்தோ' என்று வாக்கியங்களைப் பிணைக்கும் சொற்கள் இருக்கின்றன. உடைந்த பெடலைச் சொன்னவுடன் தேர்வாளருக்கு முன்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றுவிடுகிறது. முதல் பகுதியில் இதுபோல இரண்டு, மூன்று வாக்கியங்கள் போதும்.

'சின்ன வயதில் தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போவேன்' என்பதை 'டெய்லி ஐ வில் கோ டு ஸ்கூல் பை சைக்கிள்' என்று சொன்னேன். 'வில்' தவறு என்று என் நண்பன் சொல்கிறான். 'போவேன்' என்றால் 'வில் கோ' தானே? – கல்லூரி மாணவர், உடுமலைப்பேட்டை

உங்கள் நண்பர் சொல்வது சரி. உங்கள் ஐயமும் நியாயமானதே, ஏனென்றால் இந்தப் பிழை ஆங்கில அறியாமையால் வருவதன்று, தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதால் வருவது. தமிழில் எதிர்கால வினை இரண்டு வேலை செய்கிறது. 'நாளைக்குப் போவேன்' என்று இனி நடக்கப்போவதையும் அது சொல்லும். 'தினமும் போவேன்', 'மாடு புல் தின்னும்' என்று வழக்கத்தையும் அதுவே சொல்லும். 'அப்போதெல்லாம் போவேன்' என்று சொல்லிவிட்டால் கடந்துபோன வழக்கத்துக்கும் அதே வடிவம் பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று வடிவங்கள் வேண்டும்.

நாளை நடப்பதற்கு 'ஐ வில் கோ'. இப்போதைய வழக்கத்துக்கு வெறும் 'ஐ கோ'. முன்பு இருந்து இன்று இல்லாத வழக்கத்துக்கு 'ஐ யூஸ்டு டு கோ'. ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது, 'ஐ யூஸ்டு டு ரைடு மை பைசிகிள் டு ஸ்கூல் எவ்ரி டே.' ஒருமுறை 'யூஸ்டு டு' என்று காலத்தை நிறுவிய பிறகு அடுத்தடுத்த வாக்கியங்களில் 'உட்' போதும்: 'மை ஃப்ரெண்ட்ஸ் உட் வெயிட் ஃபார் மீ அட் த டெம்பிள் கார்னர்.' இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகச் செய்பவர்களின் சிறுவயதுக் கதைகள் கேட்பதற்கே வேறாக ஒலிக்கின்றன. 'வில்' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒருவருடைய இயல்பைச் சொல்லும் பயன்பாடு ஒன்று உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம்மில் பலர் இன்றும் தொடரும் வழக்கத்துக்கு 'ஐ யூஸ்டு டு கோ டு ஜிம்' என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கும் வெள்ளைக்காரர் நீங்கள் ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். ஒரே ஒருமுறை நடந்ததற்கும் 'யூஸ்டு டு' ஆகாது. ஒருநாள் ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனீர்கள் என்றால், 'ஒன் டே த விண்ட் வாஸ் ஸோ ஸ்ட்ராங் தட் ஐ காட் ஆஃப் அண்ட் புஷ்டு மை பைசிகிள்' என்று இறந்தகாலத்தில் சொன்னால் போதும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லச் சொற்பஞ்சம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த மற்ற வாக்கியங்களிலும் தமிழ் உள்ளே இருந்து இழுப்பது தெரிகிறது. 'அப்பா வாங்கிக் கொடுத்தார்' என்பது தமிழுக்கு இரட்டை வினை. அதை 'மை ஃபாதர் பாட் அண்ட் கேவ்' என்று உடைக்காமல் 'மை ஃபாதர் பாட் மீ எ பைசிகிள்' என்று ஒரே வினையில் முடித்துவிடுங்கள். 'அந்தச் சைக்கிள்தான்' என்பதற்கு 'தட் சைக்கிள் ஒன்லி' என்று 'தான்' என்னும் சொல்லைக் கடைசியில் ஒட்ட வேண்டாம். சைக்கிளை 'டிரைவ்' செய்வதில்லை, 'ரைடு' செய்கிறோம். 'சைக்கிள் கற்றுக்கொண்டேன்' என்பதை 'ஐ லேர்ன்ட் சைக்கிள்' என்று நிறுத்தாமல், 'ஐ லேர்ன்ட் டு ரைடு எ பைசிகிள்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கீழே விழுந்ததற்கு 'ஐ ஃபெல் ஆஃப்', காற்றடித்ததற்கு 'ஐ பம்ப்டு அப் த டயர்ஸ்', செயின் கழன்றதற்கு 'த செயின் கேம் ஆஃப்', கேரியரில் ஏற்றிக்கொண்டு போனதற்கு 'ஹி கேவ் மீ எ லிஃப்ட் ஆன் த பேக் ஆஃப் ஹிஸ் பைசிகிள்'. இத்தகைய சிறு வினைகளைக் கையாளும் விதத்தில்தான் சொல்வளம் தெரிகிறது. 'எக்கோ ஃப்ரெண்ட்லி' போன்ற பெரிய சொல்லை எங்கேயோ படித்து வந்து ஒட்டுவதைவிட, 'த செயின் கெப்ட் கமிங் ஆஃப்' என்று இயல்பாகச் சொல்வது எவ்வளவோ மேல்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 'பைக்' என்று சொன்னால் மோட்டார் சைக்கிள் என்று பரீட்சகர் விளங்கிக்கொள்வாரா? 'சைக்கிள்', 'பைசைக்கிள்', 'புஷ் பைசைக்கிள்' இவற்றில் எது சரி? உச்சரிப்பிலும் எனக்குப் பயம் இருக்கிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

சைக்கிளைப் பற்றிய கேள்வி என்று தெரிந்த பிறகு 'பைக்' என்றால் ஆங்கிலேயருக்குச் சைக்கிள் என்றே விளங்கும். அவர்கள் அன்றாடம் பேசும்போது பயன்படுத்தும் சொல்லும் அதுவே. ஆனால் நம் இரு நாடுகளிலும் 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள் என்பது ஊறிப்போன பொருள் ஆகையால், ஒரே பதிலில் இரண்டையும் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'பைசிகிள்' என்றும் 'மோட்டர்பைக்' என்றும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். 'புஷ் பைசைக்கிள்' என்பது உங்கள் நாட்டு வழக்கு. வெளியில் 'புஷ்பைக்' என்பது கொஞ்சம் பழைய சொல்லாகக் கேட்கும், அவ்வளவே.

நான் மேலே எல்லா இடத்திலும் 'பைசிகிள்' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அச்சுப்பிழை அன்று. தனியாக நிற்கும்போது 'சைக்கிள்' என்று 'சை' ஒலிக்கும் அந்தப் பகுதி, முன்னால் 'பை' சேர்ந்ததும் சுருங்கி 'சி' ஆகிவிடுகிறது. அழுத்தம் முழுவதும் 'பை' மீது விழுகிறது. 'மோட்டர்சைக்கிள்' என்ற சொல்லிலோ 'சை' அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் 'பைசைக்கிள்' என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். நல்ல அகராதி எதிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, தமிழ் பேசும் எல்லோருக்கும் பொதுவானது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. முடிய வேண்டிய இடத்தில் குற்றியலுகரம் வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தால் 'பைக்' நம் வாயில் 'பைக்கு' ஆகிறது. 'ரோடு', 'ரைடு' என்று எழுதுவதே நமக்கு இயல்பாக இருக்கிறது. பேசும்போது அந்தக் கடைசி உகரத்தை விழுங்கிவிட வேண்டும். அதேபோல எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் நம்மை அறியாமல் யகரமும், ஒகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் வகரமும் ஏறிக்கொள்கின்றன: 'யெவ்ரி டே', 'மை வோல்டு சைக்கிள்'. இவற்றைத் தொலைபேசியில் பதிவு செய்து கேட்டால் உங்களுக்கே தெரியும். நம்மவர் பேச்சில் நம் சாயல் இருப்பதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை. சொல் புரியாமல் போகும்போதுதான் குறையும். ஆகவே வெள்ளைக்காரர் குரலில் பேச முயல வேண்டாம்.

ஒன்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் எரிபொருள் இல்லாதபோது மக்கள் சைக்கிளையே உழக்கிக்கொண்டு மைல்கணக்கில் போனார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கதைகள் நிச்சயம் இருக்கும். குடும்பத்துக்கு முக்கியமான ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொல்லும் அட்டை வந்தால், அப்பாவின் சைக்கிளைவிட நல்ல பொருள் உங்களுக்குக் கிடைக்காது.

எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. தெரியும் என்று பொய் சொல்லலாமா? – வாசகி, சென்னை

சொன்னால் தேர்வாளர் கண்டுபிடிக்கப் போவதில்லை; உண்மையா பொய்யா என்று பார்ப்பது அவருடைய வேலையும் இல்லை. ஆனால் இல்லாத ஒன்றை ஆங்கிலத்தில் கற்பனை செய்துகொண்டே பேசுவது உங்களுக்கு இரட்டைச் சுமை. 'நோ, ஐ நெவர் லேர்ன்ட். வி லிவ்டு ஆன் எ பிஸி மெயின் ரோடு, அண்ட் மை மதர் வாஸ் டூ ஃப்ரைட்டன்ட் டு லெட் மீ ட்ரை' என்பது முழுமையான, நல்ல பதில்.

இரண்டாம் பகுதியில் 'சிறு வயதில் கற்றுக்கொண்ட ஒரு திறன்' என்ற அட்டை வந்தது. சைக்கிள் கற்ற கதையைத் தொடங்கினேன். நாற்பது நொடியில் முடிந்துவிட்டது. இரண்டு நிமிடம் எப்படிப் பேசுவது? – பொறியியல் பட்டதாரி, திருநெல்வேலி

நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் பதிலைப் படித்தேன். 'எனக்குப் பத்து வயது, அண்ணன் கற்றுக்கொடுத்தான், பலமுறை விழுந்தேன், பின்னர் கற்றுக்கொண்டேன், மகிழ்ச்சியாக இருந்தது' என்று ஐந்து வாக்கியத்தில் ஒரு கோடைவிடுமுறையே கடந்துவிட்டது. 'பலமுறை விழுந்தேன்' என்ற இடத்தில்தான் உங்கள் இரண்டு நிமிடம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பலமுறைகளில் ஒரே ஒரு முறையை எடுத்து, மெதுவாகச் சொல்லுங்கள்.

யோசிக்கத் தரும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுத முனைவது பலர் செய்யும் தவறு. ஒன்றரை வாக்கியம் எழுதுவதற்குள் நேரம் போய்விடும். ஆறு சொற்களை மட்டும் கிறுக்கிக்கொள்ளுங்கள்: வாடகை சைக்கிள், அண்ணன், குரங்குப் பெடல், வைக்கோல் போர், முழங்கால், அம்மா. அந்தக் குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

இப்போது ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சம் தங்குங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். கடைக்காரர் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டார். திரும்பக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. 'குரங்குப் பெடல்' என்ற இடத்தில் ஆங்கிலச் சொல் தெரியாமல் நீங்கள் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் எல்லோரும் அறிந்த ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாய்ப்பு அந்த இடம். சொல் தெரியாத பொருளைத் தெரிந்த சொற்களால் விளக்கிவிடும் திறமையைச் சொல்வளம் என்ற கூறிலேயே சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 'ஐ வாஸ் டூ ஷார்ட் டு சிட் ஆன் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம், அண்டர் த பார், அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப். இன் மை லாங்குவேஜ் வி கால் இட் மங்க்கி பெடலிங்.' இவ்வளவுதான். இதைக் கேட்கும் தேர்வாளர் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

பிறகு அண்ணன் கையை விட்டது, பிரேக் எங்கே என்று தெரியாதது, நேராகப் போய் வைக்கோல் போரில் மோதியது: 'ஐ டிட்ன்ட் நோ ஹௌ டு ஸ்டாப், ஸோ ஐ ரோட் ஸ்ட்ரெய்ட் இன்டு எ ஹேஸ்டாக்.' முழங்கால் சிராய்ப்பை அம்மாவிடம் மறைத்தது. அன்றைய உணர்வு என்ன என்று அட்டை கேட்டால், 'ஐ வாஸ் வெரி ஹேப்பி' என்று முடிக்காமல், இரத்தம் வந்துகொண்டிருந்தபோதும் மறுபடி ஏறிக்கொண்டதைச் சொல்லுங்கள். உணர்வு அதிலேயே வந்துவிடும். கடைசியில் இன்றைக்கு ஒரு தாவு: இப்போது ஓட்டுகிறீர்களா, உங்கள் அண்ணன் மகனுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? காலம் மாறும்போது வினை வடிவங்களும் மாறுவதால் இலக்கணத்தின் விரிவும் தெரிந்துவிடும்.

இதே முறை பஞ்சர் ஒட்டிய கதைக்கும் பொருந்தும். ஏதேனும் பழுதாகிப் பிறர் உதவிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்படி அட்டை வந்தால், 'தேர் வாஸ் எ பங்க்சர், ஹி ரிப்பேர்ட் இட்' என்று தாண்டிவிடாதீர்கள். கடைக்காரர் டியூபை வெளியே இழுத்தது, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைத் தேடியது, உப்புத்தாளால் தேய்த்தது, சொல்யூஷன் தடவி ஆறவிட்டது, துண்டை வைத்து அழுத்தியது எல்லாம் உங்கள் கண்ணில் இருக்கின்றன. 'ஹி புல்ட் அவுட் தி இன்னர் டியூப், புட் இட் இன் எ பௌல் ஆஃப் வாட்டர் அண்ட் லுக்ட் ஃபார் பபிள்ஸ்.' சொல்யூஷன் என்று நாம் சொல்வதை மட்டும் 'குளூ' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'சொல்யூஷன்' என்றவுடன் தீர்வு அல்லது கரைசல் என்றே பொருள் எடுப்பார்கள்.

மூன்றாம் பகுதியில், நகரங்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஏன் குறைந்துவிட்டார்கள், அரசு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். புள்ளிவிவரம் எதுவும் எனக்குத் தெரியாது. என்ன சொல்வது? – ஆசிரியர், தஞ்சாவூர்

புள்ளிவிவரம் வேண்டவே வேண்டாம். இது பொது அறிவுத் தேர்வு அன்று. ஒரு கருத்து, அதற்கு ஒரு காரணம், ஓர் எடுத்துக்காட்டு, முடிந்தால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வாக்கியம். இவை கோவையாக வந்தால் போதும். காரணங்களை 'ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, தேர்ட்லி' என்று அடுக்குபவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்றையே எடுத்து ஆழமாகப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக: 'ஐ திங்க் த மெயின் ரீசன் இஸ் ஃபியர், நாட் லேஸினஸ்.' இந்த ஒரு வாக்கியம் ஒரு நிலைப்பாட்டை எடுத்துவிட்டது. அடுத்து, பேருந்தும் லாரியும் போகும் சாலையிலேயே சைக்கிளும் போக வேண்டியிருப்பதால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள் என்று விரிக்கலாம். நெதர்லாந்தில் சைக்கிள் எப்போதும் இப்படிச் செழித்திருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கும் கார்கள் பெருகிச் சைக்கிள் தேய்ந்துகொண்டிருந்தது. 1970களில், சாலை விபத்துகளில் குழந்தைகள் இறப்பதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் அமைக்கும் கொள்கை வலுப்பெற்றது. 'பீப்பிள் வில் சைக்கிள் இஃப் தே ஃபீல் சேஃப்' என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், உங்கள் பக்கத்து மாவட்டமே இருக்கிறது. முதல் கடிதம் எழுதிய புதுக்கோட்டை வாசகிக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள். பேருந்துக்குக் காத்திராமல், யாருடைய தயவையும் எதிர்பாராமல், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாங்களே போய்வர முடிந்தது. சைக்கிள் சமூகத்தில் என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்று மூன்றாம் பகுதியில் கேட்டால், மாசு பற்றிய மனப்பாட வாக்கியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 'இன் தி எர்லி நைன்டீஸ், தவுசண்ட்ஸ் ஆஃப் விமன் இன் மை டிஸ்ட்ரிக்ட் லேர்ன்ட் டு ரைடு, அண்ட் ஃபார் த ஃபர்ஸ்ட் டைம் தே டிட்ன்ட் ஹேவ் டு வெயிட் ஃபார் எ பஸ் ஆர் ஃபார் எ மேன்' என்று ஒரு புதுக்கோட்டைச் செவிலியர் சொன்னால், அந்த அறையில் அன்று அதைப் போன்ற பதில் இன்னொன்று வந்திருக்காது.

நான் பயின்ற மையத்தில் சைக்கிள் உட்பட நூறு தலைப்புகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அப்படியே ஒப்பித்தும் 5.5 தான் வந்தது. – வாசகர், மதுரை

உங்கள் உழைப்பு வீணானது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனப்பாடப் பதிலை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. ஒப்பிக்கும்போது குரல் ஏற்ற இறக்கமின்றிச் சமமாக ஓடும். கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் பதில் மாறாது. இடையில் ஒரு துணைக்கேள்வி வந்தால் பேச்சு சட்டென்று தரையிறங்கிவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது: 'நீங்கள் ஏன் சைக்கிளை விட்டுவிட்டீர்கள்' என்று கேட்டபோது, சைக்கிளின் நன்மைகளைச் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாள்களை எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கேள்வி வீதம் தொலைபேசியில் பதிவு செய்து பேசுங்கள். அதே கேள்விக்கு மறுநாள் வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லிப் பேசுங்கள். கேள்வியை மாற்றாமல் பதிலை மாற்றுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். கேள்வி காதில் சரியாக விழாவிட்டால், 'சாரி, குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்காக மதிப்பெண் குறையாது.

இரண்டாம் பகுதியில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். சைக்கிள் கதை பாதியில் நின்றது. மதிப்பெண் போய்விடுமா? – வாசகி, கோயம்புத்தூர்

போகாது. இரண்டு நிமிடம் முடிந்ததும் எல்லோரையும் நிறுத்துவார்கள். கதை முடிந்ததா என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதுவரை நீங்கள் பேசிய ஆங்கிலத்துக்கே மதிப்பெண். நிறுத்தும்வரை பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பது நல்ல செய்தி.